கொஞ்சமே கொஞ்சம் தேய்த்தால் போதும்

கடையில் வாங்கிய பொருளை வாங்கியபடியே பயன்படுத்துகிறவர்கள் மனிதர்களில் ஒரு வகை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, உறையைப் பிரித்து, முகர்ந்து பார்த்து, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறி பார்த்து, "எல்லாம் சரி... இங்க மட்டும் கொஞ்சமே கொஞ்சம் தேய்ச்சா..." என்று இழுக்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் பாட்டுக்கு நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது வகைக்குத் தேய்ப்பாளர் என்று பெயர் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

நமக்குச் சிக்கியிருக்கும் தேய்ப்பாளர் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் நான்காக மடித்த உப்புத்தாள் ஒன்று எப்போதும் இருக்கும் என்பதால், அலுவலகத்தில் அவருக்கு உப்புத்தாள் என்றே பெயர். கேலி என்று அவருக்குத் தெரியாது. பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சொந்த மண்டையின் மேடுபள்ளத்துக்குத் தகுந்தபடி சீப்பின் பற்களை ஏற்ற இறக்கமாகத் தேய்த்து வைத்திருந்தார். பல் துலக்கும் பிரஷ்ஷின் கழுத்தை வெந்நீரில் காட்டி வளைத்ததில், அது கடைசிக் கடைவாய்ப் பல்லை மட்டும் பளபளவென்று துலக்கியது. மற்ற பற்கள்? அவை பாவம், அவை என்ன செய்யும்?

ஆனால் இதெல்லாம் கைப்பழக்கத்துக்கு. அவருடைய உயிர் இருந்தது கத்தியில். அதுவும் மடக்காத கத்தியில்.

"மடக்குற கத்தியெல்லாம் கத்தியே இல்ல சார். பாதி கத்தி, பாதி கதவு," என்பார். ஏன் என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் பதில் வரும், மதிய இடைவேளை முழுக்க வரும். முடிக்கும்போது அவருடைய கொள்கையும் வரும். "கத்திக்குக் கை பழகக் கூடாது சார். கைக்குத்தான் கத்தி பழகணும்."

கொள்கையை நிரூபிக்க, ஆறு அங்குல அலகோடு ஒரு கத்தி வாங்கினார். கைப்பிடி கொஞ்சம் தடிமன். தேய்த்தார். கைப்பிடி இளைத்ததும் முன்பக்கம் கனத்தது. முனையைத் தேய்த்தார். முனை மழுங்கியது, முதுகைச் சரித்தார். முதுகு சரிந்ததும் பின்பக்கம் கனத்தது. மறுபடி கைப்பிடி. மெஷினில் தேய்த்தால் சூடேறி இரும்பின் பதம் போய்விடும் என்று, பால்கனியில் ஒரு மக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு, நனைத்து நனைத்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் சாயங்காலம் தவறாமல் கரக், கரக், கரக். யாரோ சிறையிலிருந்து தப்பிக்கிறார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் நினைத்தாராம். மூன்று மாதத்தில் அது கடித உறை பிரிக்கும் கருவியாயிற்று. நாலாவது மாதம் மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"காது குடையலாம் போல இருக்கே?"

"அளவப் பாக்காத. பாலன்ஸப் பாரு," என்றார் உப்புத்தாள்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கென்று ஒரு கத்தி இருந்தது. கறுப்பு மரக் கைப்பிடி, என்றைக்கோ டப்பா திறக்கப்போய் மூக்குடைந்த முனை, பதினோரு வருஷத்துச் சமையலில் வயிறு ஒட்டிப்போன அலகு. பார்க்கச் சகிக்காது. ஆனால் அந்த வீட்டில் தக்காளியை நசுக்காமல் வெட்டத் தெரிந்த ஒரே ஜீவன் அதுதான். காலையில் ஏழரைக்குள் இரண்டு பேருக்கும் சமைத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கிறவளுக்கு அது கத்தி இல்லை, ஆறாவது விரல். அதனால்தான் கல்யாணமான புதிதிலேயே எச்சரித்துவிட்டாள்.

"இந்த வீட்ல எதை வேணா தேயுங்க. என் கத்தியில கை வெச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

பதினோரு வருஷம் அவர் வைக்கவில்லை. பிறகு அவளுடைய தங்கைக்குக் குழந்தை பிறந்தது. மனைவி நாலு நாள் ஊருக்குப் போனாள்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் ரொட்டிக்குள் வைக்க ஒரு தக்காளி வெட்டலாமே என்று அவளுடைய கத்தியை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆள்காட்டி விரல் சாய ஒரு பள்ளம் இல்லை! சுண்டு விரல் அந்தரத்தில் தொங்குகிறது! "ஐயோ, இத்தனை வருஷமா இந்தக் கஷ்டத்தோடயா அவ..." என்று அவருக்குக் கண் கலங்கியேவிட்டது. ஆத்திரத்தில் தேய்க்கும் தேய்ப்பாளரை எப்படியாவது தடுத்துவிடலாம். பாசத்தில் தேய்ப்பவரை யாராலும் தடுக்க முடியாது.

அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து கைப்பிடியைச் சுற்றி அப்பி, இறுக்கிப் பிடித்து, விரல் பதிந்த அச்சை வெயிலில் காயவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து மரத்தைக் குடைந்தார். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பள்ளம். கட்டை விரலுக்கு அலகின் முதுகில் ஒரு சரிவு. கூர் மட்டும் நன்றாகவே வந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாலாம் நாள் மத்தியானம் கையில் பிடித்தார். ஆகா! கை முடிந்து கத்தி எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை.

யாருடைய கை என்றுதானே கேட்கிறீர்கள்? அவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மனைவி வந்து பையை இறக்கி வைத்ததும் தட்டில் வைத்து நீட்டினார். அவள் தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கத்தியை எடுத்துப் பிடித்தாள். பள்ளங்களின் இடைவெளி அவர் விரலுக்கு. அவளுடைய சின்னக் கையில் இரண்டு விரல் ஒரே பள்ளத்தில் விழுந்தன, மூன்றாவது மேட்டில் ஏறி உட்கார்ந்தது, கத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அவளையே பார்த்தது. இடது கைக்கு மாற்றினாள். அது இன்னும் மோசம்.

போச்சு, இந்த மனுஷியோடு இனிமேல் பேச்சுவார்த்தை இல்லை, கூடை கூடையாகக் கோபம் வரப்போகிறது என்று உப்புத்தாள் நின்றார். அவளுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்துக் கத்தி! பிறகு கணக்கு டீச்சருக்கு ஒரு விடை கிடைத்தது. முகம் மெல்ல மலர்ந்தது.

"ரொம்ப நல்லா இருக்குங்க. எங்க, நீங்க பிடிங்க பாப்போம்?"

பிடித்தார்.

"அப்படியே பொருந்துது, இல்ல?"

"அதான் சொல்றேன்! கைக்குத்தான் கத்தி..."

"பழகணும். பழகிடுச்சு," என்று அவர் முன்னால் எட்டு வெங்காயத்தை வைத்தாள். "யார் கைக்குப் பழகுச்சோ அவங்கதானே நறுக்கணும்? நறுக்குங்க."

"வேணா உனக்குப் புதுசா ஒண்ணு வாங்கி..."

"வாங்கி? அதையும் தேய்க்கவா? இவ்ளோ நல்ல கத்தி இருக்கறப்ப இன்னொண்ணு எதுக்கு?"

அன்றைக்குப் பிடித்தவர்தான். காலை ஆறு மணிக்கு வெங்காயம், தக்காளி, கேரட், பீன்ஸ். சாயங்காலம் பூசணிக்காய். ஞாயிற்றுக்கிழமை எல்லாமும். மனைவி அந்த நேரத்தில் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்தாள். பால்கனியில் கரக் கரக் நின்று, சமையலறையில் டக் டக் ஆரம்பித்தது. கத்தி மட்டும், சொல்லக் கூடாது, வெண்ணெய் மாதிரி இறங்கியது. கண்ணீர் வந்ததற்கு வெங்காயமும் ஒரு காரணம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, கத்தியைப் பிடித்தவர் துள்ளினார். இடிக்கிறது! கையை விரித்துப் பார்த்தால், நறுக்கி நறுக்கி உள்ளங்கையில் நாலு இடத்தில் காய்ப்புக் காய்த்திருந்தது. பள்ளம் அதே பள்ளம்தான். கை மாறிவிட்டது. அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! இரண்டு மாதமாகச் சட்டைப் பையில் தூங்கிக்கொண்டிருந்த உப்புத்தாளை உருவினார்.

"கொஞ்சமே கொஞ்சம் தேய்ச்சா போதும்மா. இங்க மட்டும்."

மனைவி செய்தித்தாளை இறக்கவில்லை.

"தாராளமா. ஆனா கத்தியத் தொடாதீங்க. கையைத் தேய்ச்சுக்கோங்க."

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. இதைப் படித்துக்கொண்டு வரும்போது, "அந்தச் சீப்பு விஷயத்தை எடுத்திருக்கலாம், இந்த வாக்கியம் ஒரு முழம் நீளம், முடிவு இன்னும் கொஞ்சம் கூராக இருந்தால் தேவலை" என்று உங்கள் கை ஒரு தடவையாவது பரபரத்திருக்குமே? தயவுசெய்து சட்டைப் பையைத் தொட்டுப் பாருங்கள். நான்காக மடித்து ஏதாவது தட்டுப்பட்டால், நாளைக் காலை ஆறு மணிக்கு வெங்காயம் தயாராக இருக்கும்.