கெயின் சுவிட்சும் கண்டக்டர் குரலும்

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்ட கண்டக்டருக்குப் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. ஒலிக் குமிழை முழுதாகத் திருகியும் அப்படித்தான்.

போன வாரம் வீட்டுச் சொந்தக்காரர் கீழ்வீட்டிலிருந்து படியேறி வந்து, "தம்பி, பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நாலு வீடு மாறி வந்த கண்டக்டருக்கு அந்தச் சிரிப்பே காலி பண்ணச் சொல்வதற்கு முன்னோட்டமாகத் தெரிந்தது. டிப்போவுக்கு நடந்தே போகிற தூரத்தில் இன்னொரு வீட்டுக்கு எங்கே போவது? வேலை முடிந்து அரைமணி நேரம் பக்திப்பாட்டு கேட்காவிட்டாலும் அவருக்கு ஆகாது. அதனால்தான் ஸ்பீக்கரைத் துணி போட்டு மூடிவிட்டு, ஹெட்ஃபோனும் அதற்கொரு குட்டி ஆம்ப்ளிஃபையரும் வாங்கினார்.

"கெயின்னு ஒரு சுவிட்ச் இருக்கே, அது எதுக்குங்க?" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

"சத்தத்தைத் தூக்கிக் குடுக்க. கம்மி, அதிகம்னு ரெண்டு இருக்கு. இப்ப பாரு!"

குமிழைக் குறைக்காமலே சுவிட்சை 'அதிக'த்துக்குத் தட்டினார். காதுக்குள் இடி விழுந்தது. "ஐயோ சாமி!" என்று துள்ளியதில் ஸ்டூல் சாய்ந்து, டம்ளர் உருண்டு கதவுவரை போனது.

"மெதுவாங்க! கீழே கேக்கப்போகுது."

"என்னாது?"

"மெதுவா!"

"கேக்கல! சத்தமாச் சொல்லு!"

இருபது வருடம் பஸ்ஸுக்குள் கத்திப் பழகிய குரல் அது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பயந்துபோய்க் குமிழை ஏறக்குறைய அடிவரை குறைத்தார். அவ்வளவு குறைவில் இடது காதில் மட்டும் பாட்டு வந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார்.

"கழுத்து சுளுக்கிக்கிச்சா?"

"வலது பக்கம் ஆள் ஏறலடி!" என்று கத்தினார்.

கடைசியில் குமிழைக் கால் திருகில் நிறுத்தினார். அப்பாடா! பாடகர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்காகவே பாடினார். கண்டக்டர் கண்ணை மூடினார். மனசு உருகியது. உருகிய மனசு வாய்வழியே வெளியே வந்தது. சுருதிக்கும் அவருக்கும் சின்ன வயதிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. தான் பாடுவது அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது மனைவியைக் காணோம். துணி பாதி மடித்தபடி கிடந்தது. வாசலில் வீட்டுச் சொந்தக்காரர் நின்றார்.

கண்டக்டர் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கைகூப்பினார். மெல்லிய குரலில் கெஞ்சினார். "ஐயா, காலி பண்ணச் சொல்லிடாதீங்க..."

"என்ன தம்பி? எப்பவும்போல சத்தமாப் பேசுங்க."

"காலி பண்ணச் சொல்லிடாதீங்கய்யா!"

"காலியா? நான் ஓடி வர்றதைப் பார்த்து தினமும் எனக்காக ஒரு நிமிஷம் பஸ்ஸை நிறுத்தி வைக்கிற மனுஷனையா?" பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ சத்தம்... உங்களுக்குத் தொந்தரவு..."

"எனக்கு ரெண்டு காதும் மந்தம் தம்பி. அன்னைக்கு 'ஸ்பீக்கரைக் குறைக்கச் சொல்லுங்க, நான் சொன்னா அவர் மனசு நோகும்'னு கீழே வந்து சொன்னதும் உங்க வீட்டம்மாதான். இப்ப 'அந்த ஸ்பீக்கரையே போடச் சொல்லுங்க'ன்னு வந்து நின்னதும் அவங்கதான்!"