காப்பி குடித்தவன் குனியாத படலம்

வாழ்க, வாழ்க! மாவு மூட்டை சுமந்து மலையெனத் திரண்ட தோளினனும், அத்தோள்களுக்கு இடையே அணையாத அடுப்பொன்றை அடைகாக்கும் நெஞ்சினனும், ஏப்பம் விட்டால் எதிர்க் கிடங்கின் தகரக்கூரை அதிரும் பேராற்றல் வாய்ந்தவனும், அந்த ஒரே காரணத்தால் சக சுமைக்காரர்களால் ‘வேட்டு’ என்று பட்டம் சூட்டப்பெற்றவனுமாகிய எம் தலைவன் வாழ்க! அவன் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு ஒரு லாரி லோடு இறங்கும் வரை குனியாமல் நின்ற திறத்தைப் பாடப் புகுந்தேன். பாட்டு வராது என்பதால் உரைநடையிலேயே சொல்கிறேன். கரிபிடித்த பால்சட்டியே, கழுவாத வடிகட்டியே, என் பேனாவில் வந்து அமர்க!

தலைவனின் இரைப்பை ஒரு கோட்டை. அதனுள் வீற்றிருப்பவன் புளிப்பரசன், பொல்லாதவன். கோட்டையின் மேல்வாயிலைக் காக்க வேண்டிய கதவோ வேலை நேரத்தில் உறங்கும் வழக்கமுடையது. காப்பி இறங்கினால் அரசன் பொங்குவான். காப்பியோடு தலைவன் குனிந்தானோ, உறங்கும் கதவை மிதித்துக்கொண்டு தொண்டை வரை படையெடுப்பான். சென்ற மாதம் அத்தகைய படையெடுப்பொன்றில் தலைவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடங்கு வாசலில் சரிந்தான். மாரடைப்பு என்று அஞ்சிய கூட்டம் மூட்டைகளைப் போட்டது போட்டபடி விட்டு, அவனையே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஓடிற்று. மருத்துவர் சோதித்துவிட்டு, “இதயம் குதிரை மாதிரி இருக்கு. வயித்துக்கு மேல இருக்கற மூடிதான் லூசு. காப்பிய விடுங்க, குனியறதக் கொறைங்க” என்று தீர்ப்புரைத்தார். அன்று அத்தனை பேருக்கும் கூலியில் பாதி போயிற்று. கூட்டத்தின் கோமானாகிய மேஸ்திரி முழங்கினார்: “இன்னொரு தடவ நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்தீன்னா, உன் எடத்துல வேற ஆளப் போட்டுருவேன்!”

ஆயினும் மேஸ்திரி இரக்கமற்றவர் அல்லர். நோயாளியாயிற்றே என்று தலைவனுக்கு இலகுவான வேலையாகப் பார்த்துக் கொடுத்தார். லாரியின் மேலே நின்று, மூட்டைகளை விளிம்புக்கு இழுத்து, கீழே நிற்பவர் தலையில் ஏற்றிவிட வேண்டும். எளிய வேலைதான். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருமுறை குனிய வேண்டும், அவ்வளவே.

அன்று முதல் தலைவன் வெந்நீர் நோன்பு நோற்றான். எதிரிலிருந்த கடையில் மற்றவர் நுரைததும்பும் டம்ளர்களை ஏந்தி நிற்க, இவன் மட்டும் ஆவி பறக்கும் வெறுந்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தான். ஒருநாள் காலை, புதிதாய் இறக்கிய டிகாஷனின் மணமானது கொடி பிடித்து, முரசறைந்து, நால்வகைப் படையோடு தெருவைக் கடந்து வந்து அவன் மூக்கை முற்றுகையிட்டது. கடைக்கார அம்மாள் வேறு வேல் எறிந்தாள்: “என்னண்ணே, இன்னிக்கும் வெந்நீர்தானா? நான் கடை வச்சிருக்கேனா, ஆஸ்பத்திரி வச்சிருக்கேனா?”

வீழ்ந்தான் வீரன். வெண்கொற்றக் குடைபோல் நுரை கவிந்த அந்தச் செம்பொன் திரவத்தின் முதல் மடக்கு நாவில் நடந்து, தொண்டையில் தவழ்ந்து, நெஞ்சில் இறங்கிய கணத்தில், மூட்டையும் கூலியும் மூட்டுவலியும் இல்லாத வேறோர் உலகத்தில் அவன் சற்று நேரம் குடியிருந்தான். டம்ளரைக் கீழே வைக்கவும் லாரி வந்து ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

கோட்டைக்குள் புளிப்பரசன் புரண்டு படுத்தான். தலைவன் லாரியை அண்ணாந்து பார்த்தான். மேலே ஏறினால் குனிய வேண்டும்; குனிந்தால் வேலை போகும். உடனே தன்னோடு மூட்டை சுமக்கும் மைத்துனனை, மனைவிக்குத் தம்பியும் அவளுக்கு அன்றாடம் செய்தி கொண்டுசெல்லும் ஒற்றனுமாகியவனை, அழைத்து அறிவித்தான்: “இன்னிக்கு நான் செமக்கறேன். நீ மேல ஏறு.”

“சொகமான வேலைய யாராச்சும் தானம் பண்ணுவாங்களா, மாமா? எங்க, ஒரு ஊது ஊது பாப்போம்.”

ஊதினான்.

“அடப்பாவி மாமா, டிகாஷன்! அக்காவுக்குத் தெரிஞ்சா...”

“தெரிஞ்சா நீ மறுபடி கீழ எறங்கிச் செமக்கணும்.”

அக்கணமே ஒற்றனின் வாய்க்குப் பூட்டு விழுந்தது. அவன் லாரியின் மேல் இருந்தான்.

பிறகு நடந்ததைச் சொல்லி மாளாது. தலையில் மூட்டையும், மூட்டைக்குக் கீழே நேர்கோட்டில் கழுத்தும், கழுத்துக்குக் கீழே கடப்பாரையை விழுங்கியது போன்ற முதுகுமாக, தேர் நடப்பதுபோல் நடந்தான் எம்மான். துண்டு நழுவி விழுந்தது, எடுத்தானில்லை. செருப்பு வார் அறுந்தது. உதறிவிட்டு வெறுங்காலோடு நடந்தான். பாதி லோடு இறங்கிய வேளையில் விதி தன் வேலையைக் காட்டியது. கிடங்கின் இரும்பு ஷட்டர் தடதடவெனச் சரிந்து கழுத்தளவு உயரத்தில் சிக்கிக்கொண்டது. இழுத்தார்கள், தட்டினார்கள், எண்ணெய் விட்டார்கள், அசையவில்லை. மற்றவர்கள் மூட்டையை முதுகுக்கு மாற்றி, வில்லாய் வளைந்து உள்ளே நுழைந்தார்கள். தலைவன் வாசலில் நின்றான். கோட்டைக்குள் புளிப்பரசன் போர்ப்பறை கொட்டினான். பின்னால் நின்றவர்கள், “நவுருப்பா வேட்டு, கழுத்து ஒடியுது!” என்று கூவினார்கள்.

அப்போது அண்டமே வியக்க, முதுகை இம்மியும் வளைக்காமல், தலைமூட்டை தலையிலேயே இருக்க, இரு முழங்கால்களையும் சிமெண்டுத் தரையில் ஊன்றி, மண்டியிட்டபடியே ஷட்டரைக் கடந்தான் எம் தலைவன்! உள்ளே சென்றதும் சுவரைப் பிடித்து எழுந்தான். அடுத்த மூட்டைக்கும் அவ்வாறே. அதற்கடுத்ததற்கும் அவ்வாறே.

மேஸ்திரி ஓடிவந்தார். “என்னடா இது, வேண்டுதலா?”

காப்பி மணம் வெளியே கசியாதபடி தலைவன் அளந்து வாய் திறந்தான். “ஆமாண்ணே.”

“எதுக்குடா?”

“லோடு நல்லபடியா எறங்கணும்னு.”

மேஸ்திரியின் கண்கள் பனித்தன. எத்தனையோ லாரி கண்ட அந்தக் கண்கள் இப்படியொரு சுமைக்காரனைக் கண்டதில்லை. கடைசி மூட்டை இறங்கியதும் கூட்டத்தைக் கூட்டி, தலைவன் தோளில் கைபோட்டு, “இவன் உசுரோட இருக்கற வரைக்கும் இவன் எடம் இவனுக்குத்தான், கேட்டுக்கங்கடா!” என்று பிரகடனம் செய்தார். லாரி மேலிருந்த மைத்துனன் மட்டும் தார்ப்பாயில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

இவ்வாறாக, தொண்டைவரை வரத் துணிந்த புளிப்பரசன் வழி காணாது கோட்டைக்குள்ளேயே அடங்கி ஒடுங்க, காப்பியும் பருகிக் கூலியும் காத்து, குனியாப் புகழ் கொண்ட பெருவீரன், மாலைக் கதிரவனை முதுகில் தாங்கி, படை வென்ற களிறெனத் தன் இல்லம் நோக்கி நடந்தான்.

மறுநாள் இரண்டு முட்டியும் வீங்கிப்போனதால் மேஸ்திரியே லீவு கொடுத்துவிட்டார்.