ராஜகோபாலன் நார்வேக்குக் கப்பல் தேர்ந்த பராக்கிரமம்

வாழ்க, வாழ்க! முத்து விளைந்த கொற்கைக் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தும் முழங்காலுக்கு மேல் கடல்நீர் நனையாத மாவீரன், தூத்துக்குடித் துறைமுகத்தில் போக்குவரத்து அதிகாரியாக வீற்றிருந்து நிலக்கரிக் கப்பலை இங்கே கட்டு, மரத்தடிக் கப்பலை அங்கே கட்டு என்று ஒற்றை விரலால் ஆணையிட்டு, கட்டிய கப்பல் எதிலும் ஒருநாளும் பயணம் போகாமலே ஓய்வுபெற்ற உத்தமன், தென்திருப்பேரை ஈன்ற திருமண் நெற்றியன், மில்லர்புரம் மாடிவீட்டு மன்னன், பஞ்சாங்கப் படைக்கலம் தாங்கிய பெருந்தோளன் ராஜகோபாலன் வாழ்க! அவன் தன் குடும்பத்துக்காக ஓர் உல்லாசக் கப்பலைத் தேர்ந்தெடுத்த வீரத்தைப் பாடப் புகுந்தேன். உப்பளக் காற்றே, என் குரலுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய். ரொம்ப மெனக்கெட வேண்டாம், இந்த ஆளுக்கு அவ்வளவு போதும்.

வீரனின் இல்லக்கிழத்தி ஹேமாம்புஜத்துக்கு இந்தப் பூவுலகில் ஆசை ஒன்றே ஒன்று. கணவன் பணியில் இருந்த காலத்தில் கப்பல் ஏஜெண்டு ஒருவர் புத்தாண்டுக்குக் கொடுத்த காலண்டரில், வானளாவிய இரு பச்சை மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்க, மலையுச்சியிலிருந்து அருவி நேராகக் கடலுக்குள் விழ, அதன் கீழே வெள்ளைக் கப்பல் ஒன்று தீப்பெட்டி போல் நிற்கும் படம் இருந்தது. அது நார்வே தேசம், அந்தக் கடல்சந்துக்கு ஃபியோர்டு என்று பெயர். வருடம் முடிந்து மற்ற மாதங்களெல்லாம் பழைய பேப்பர்க்காரனிடம் போன பின்னும் அந்தப் படத்தை மட்டும் கிழித்துச் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிக்கொண்டாள். பருப்பு எடுக்கத் திறக்கும்போதெல்லாம் பார்ப்பாள். "அங்கே ஒரு தடவை போகணும்" என்பாள். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்பான் வீரன். இப்படியே அவளுக்கு முழங்கால் தேய்ந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தி படுமுன் அந்த அருவிக்குக் கீழே தன் சொந்தக் காலில் நின்றுவிட வேண்டும் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

இதை அறிந்த மகன் கேஷவ், லண்டனில் மனைவி பத்மஸ்ரீயோடு இருப்பவன், "எல்லாருமா போயிட்டு வந்துடலாம்மா, செலவு என்னோடது" என்றான். சொல்லிவிட்டுப் பேசாமல் தானே ஒரு கப்பலைப் பிடித்திருந்தால் இந்தக் காவியம் உலகுக்குக் கிடைத்திருக்காது. அப்பாவிடம் யோசனை கேட்டான், பாவி!

கேட்ட கணத்தில் பிளாஸ்டிக் நாற்காலிச் சிம்மாசனத்திலிருந்து எழுந்தான் ராஜகோபாலன். அங்கவஸ்திரம் தோளில் புரள, மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனியில் மிரள, சுவர்க்கடிகாரமும் ஒரு நொடி தயங்க, கர்ஜித்தான்: "கப்பல் விஷயம்னா என்னைக் கேக்காம ஒருத்தரும் ஒரு அடி எடுத்து வைக்கப்படாது. நான் பார்க்காத கப்பலாடா?" பார்த்தது மெய்தான். ரயில்வே கேட் காப்பவரும் எல்லா ரயிலையும் பார்க்கத்தான் செய்கிறார்.

அன்றே பீச் ரோட்டில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜேசுபாதத்தை வரவழைத்தான். ஜேசுபாதம் இரண்டு கப்பல்களின் படங்களை மேசைமேல் விரித்தார். முதலாவது சின்னப் பயணம். ஒரே வாரம், நார்வேயின் தெற்கே உள்ள ஃபியோர்டுகள், ஹேமாம்புஜத்தின் காலண்டர் மலை உட்பட. இரண்டாவது பெரிய பயணம்; இரண்டு வாரத்துக்கு மேல், வடகோடிவரை, ஜூன் மாதத்தில் சூரியனே மறையாத இடத்துக்கு. மூளை என்ற ஒன்று உள்ள எவரும் முதலாவதைத் தொட்டிருப்பார்கள். ஹேமாம்புஜமும் அதைத்தான் தொட்டாள். தொட்ட விரலை நகர்த்திவிட்டு வீரன் இரண்டாவதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஏன்? உப்பு வியாபாரி சங்கரலிங்கம்தான் காரணம். அவர் சிங்கப்பூர்க் கப்பலில் மூன்று நாள் போய் வந்துவிட்டு, ரோச் பூங்காவில் மாலைதோறும் நடக்கிற பெரியவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, கப்பலின் உச்சியில் நீச்சல்குளம் இருந்த கதையை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். கடலின் மேல் கப்பல், கப்பலின் மேல் குளம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, துறைமுகத்தில் கொடிகட்டிப் பறந்தவன் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். அந்த அவமானத்தைத் துடைக்க வந்த நாள் இது. அன்று மாலை பூங்காவின் நடுவில் நின்று, கடல் அலையும் காதுகொடுக்கும்படி முழங்கினான்: "அண்ணாச்சி, உங்க சிங்கப்பூர்ல சாயங்காலம் ஆனா சூரியன் அஸ்தமிச்சுடறது. நாங்க போற கப்பல்ல அது அஸ்தமிக்கவே அஸ்தமிக்காது!"

சங்கரலிங்கம் சுண்டலை மென்று முடித்தார். "நல்லாத்தான் இருக்கு சாமி. அஸ்தமிக்காட்டி மறுநா எப்படி உதிக்கும்? நீங்க ஏகாதசி பட்டினி கெடப்பீயளே, மறுநா சூரியன் உதிச்சாத்தான சாப்பிடுவீய? அப்பம் சோறு எப்பம்?"

ஐயகோ! அந்த ஒரே கேள்வியில் வீரன் பூங்காவிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தைப் புரட்டினான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஏகாதசியில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்து, மறுநாள் துவாதசிக் காலையில் சூரியன் உதித்த பின்பே பாரணை என்னும் விரதமுறிப்புச் சாப்பாட்டை உண்ணும் வைராக்கியம் அவனுடையது. அந்த இலையில் அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் மூன்றும் இருந்தாக வேண்டும். அவற்றுக்காக முதல்நாள் கீரைக்காரியைத் தேடிப் பிடிப்பதும், இருட்டில் எழுந்து குளித்து மடியாய் அடுப்பு மூட்டுவதும் ஹேமாம்புஜத்தின் வேலை. அவளும் அதே பட்டினிதான். வீரனைப் பொறுத்தவரை, கிழக்கே சூரியன் உதித்தால் இலையில் அகத்திக்கீரையும் தானாக உதித்துவிடும்.

பெரிய கப்பலில் போனால் நடுவே ஏகாதசி வந்தே தீரும். மறையாத சூரியன் உதிப்பது எப்படி? உதயம் இல்லாமல் பாரணை எப்படி? பாரணை இல்லாவிட்டால் கப்பல் திரும்பும்வரை பட்டினியா? ஜேசுபாதம் நல்ல மனுஷன், வழி சொன்னார். "சார், சின்னக் கப்பல்னா ரெண்டு ஏகாதசிக்கு நடுவுல போயிட்டு வந்துரலாம். அம்மா கேட்ட மலையும் அதுலதான் இருக்கு. ரூம்பு போயிக்கிட்டே இருக்கு சார், சட்டுனு சொல்லுங்க." சொன்னது எவ்வளவு சுலபம்! ஆனால் ரோச் பூங்காவில் விட்ட வார்த்தையை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது? சங்கரலிங்கம் சிரிப்பாரே! மனைவியின் முழங்காலைவிடச் சங்கரலிங்கத்தின் சிரிப்பு பெரிதாயிற்று அந்த மகானுக்கு. தூ!

ஆகவே போர் மூண்டது. தென்திருப்பேரையில் பிறந்து திசையெங்கும் சிதறியவர்கள் கூடும் வாட்ஸ்அப் குழுவில் வீரன் தன் ஐயத்தை ஏவினான். ஏவியதுதான் தாமதம், மாம்பலத்திலிருந்தும் துபாயிலிருந்தும் மேற்கோள்கள் மழையாய்ப் பொழிந்தன. கப்பல் புறப்படும் துறையின் உதயமே உதயம் என்றது ஒரு சேனை. சங்கற்பம் செய்த சொந்த ஊரின் உதயமே உதயம் என்றது எதிர்ச்சேனை. கடல் கடப்பதே ஆசாரத்துக்குத் தகாது என்று நியூ ஜெர்சியிலிருந்து ஒருவர் எழுதினார். வடகலையார் ஏதோ சொல்ல, தென்கலையார் அதற்கு ஏதோ சொல்ல, சூரியனையும் நார்வேயையும் மறந்து எல்லோரும் கோயிலில் யார் முதலில் பாடுவது என்ற பழைய சண்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மூவர் குழுவை விட்டு விலகினார்கள். நல்லெண்ணெய் வியாபாரி ஒருவர் இடையில் புகுந்து தன் எண்ணெய்க்கு விளம்பரம் போட்டார்.

இந்த அமளியில் நாட்கள் ஓடின. கடல் தெரியும் அறைகள் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன. ஹேமாம்புஜம் அலமாரியைத் திறந்து படத்தைப் பார்ப்பாள், பருப்பை எடுத்துக்கொள்வாள், மூடுவாள்.

கடைசியில் வீரன் தீர்ப்புக் கண்டான். அந்த நாளை என்னென்பேன்! திருமண் பளிச்சிட, பஞ்சாங்கம் கையில் மிளிர, மனைவியையும் ஜேசுபாதத்தையும் கூடத்தில் உட்கார வைத்து அறிவித்தான்:

"தூத்துக்குடி சூரியோதயம்தான் கணக்கு. பெரிய கப்பல்லதான் போறோம். வெளியில சூரியன் கண்ணுல பட்டாத்தானே குழப்பம்? அதனால ஜன்னலே இல்லாத உள்ரூமா எடுத்துடலாம். சின்னக் குக்கர் ஒண்ணு, நெல்லிமுள்ளி, சுண்டைவத்தல், காயவச்ச அகத்தி எல்லாம் எடுத்துண்டு போயிடணும். இங்கே விடியற நேரத்துக்கு அவ அங்கே பாரணைக்குச் சமைச்சுடுவா."

தூத்துக்குடி விடியும்போது அங்கே நள்ளிரவு தாண்டித் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம். அது அந்தப் பெருந்தோளன் கவலை அல்ல.

ஜேசுபாதம் நெளிந்தார். "சார், ரூமுக்குள்ள குக்கர் வைக்க உடமாட்டான். தீப் பிடிச்சிரும்னு பயப்படுவான். அதுபோவ, மலையப் பாக்கப் போறவங்களுக்குச் சன்னல் இல்லாத ரூம்பு என்னத்துக்கு சார்?"

"அதெல்லாம் நான் பேசிக்கறேன். எத்தனை கேப்டனைப் பார்த்திருக்கேன்!"

அப்போதுதான் ஹேமாம்புஜம் எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத்தான் எழுந்தாள். இருந்தாலும் ஜேசுபாதம் தன்னையறியாமல் தானும் எழுந்து நின்றார்.

"ஏன்னா, உலகத்துல இருக்கறவா எல்லாரையும் கேட்டேள், நீங்க எப்போ சாப்பிடலாம்னு. யார் சமைப்பான்னு ஒருத்தரும் கேக்கலை. நீங்களும் கேக்கலை. இத்தனை வருஷமா இந்தச் சமையல்கட்டுக்குள்ள நின்னுதான் அந்த மலையைப் பார்த்துண்டிருக்கேன். அங்கே போயும் நாலு சுவத்துக்குள்ள நின்னு வத்தல் வறுக்கணுமா?"

அலமாரிக் கதவு திறந்தது. படத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழியாமல் எடுத்தாள். பிறகு, சேனாதிபதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மகனைக் கைப்பேசியில் அழைத்தாள். "கேஷவ், அந்தச் சின்னக் கப்பல்லயே எனக்குப் போட்டுடு. பால்கனி இருக்கற ரூம். அப்பாவா? அப்பாவுக்கு ஏகாதசிடா."

வாளை உறையிலிருந்து உருவியவன் கையில் பிடி மட்டும் வந்தது போல் நின்றான் ராஜகோபாலன். கோபித்தான், மௌனவிரதம் பூண்டான், ஒரு வேளைக் காபியை மறுத்தான்; மறுத்த காபியை அவளே குடித்துவிட்டாள். "நான் இல்லாம நீ எப்படிப் போயிடுவே?" என்று இறுதி அஸ்திரத்தையும் எய்தான். வாகைக்குளம் விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து, மடியில் கைப்பையும் அதற்குள் காலண்டர்த் தாளுமாகத் திரும்பிப் பார்க்காமல் அவள் போனபோது, எப்படிப் போவாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. பூங்காவில் சங்கரலிங்கம், "சாமி, நீங்க போவலியா?" என்று ஒன்றுதான் கேட்டார். அதன்பின் வீரன் அந்தப் பக்கம் நடக்கப் போவதை விட்டான்.

ஜூன் மாதம் கேஷவ் ஒரு போட்டோ அனுப்பினான். இரு பச்சை மலைகள், நடுவே கடல், மேலேயிருந்து நேராக விழும் அருவி. கம்பியைப் பிடித்துக்கொண்டு, மடிசாருக்கு மேல் பத்மஸ்ரீயின் கோட்டை மாட்டிக்கொண்டு, தன் காலில் நிற்கிறாள் ஹேமாம்புஜம். முகமெல்லாம் நனைந்திருக்கிறது. சாரலா அழுகையா என்று கேட்டதற்கு, "ரெண்டும்தாம்ப்பா" என்றான் மகன்.

அவள் கப்பலிலிருந்து இறங்கி மகன் வீட்டில் இளைப்பாறிக்கொண்டிருந்த நாளில் ஏகாதசி வந்தது. அதுவரை மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு உண்டு வளர்ந்த வீரன், பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் தொடாது, இரவெல்லாம் வயிறு பேசப் பேசக் கேட்டுக் கிடந்து, துவாதசி விடியலில் நீராடி, பன்னிரண்டு திருமண்ணும் தரித்து, தானே இலை விரித்து, அதன்மேல் நீர் தெளித்து, கிழக்கு நோக்கிச் சம்மணமிட்டு அமர்ந்தான். அமர்ந்த அக்கணமே, மன்னார் வளைகுடாவின் நீர்த்திரை கிழித்து, முயல் தீவின் முதுகு தடவி, துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் தலையில் பொன்முடி சூட்டி, உப்பளத்து அம்பாரங்களை முத்துக்குவியலாக்கி, பஞ்சாங்கம் சொன்ன நேரம் ஒரு நொடியும் பிசகாமல், வடகலை தென்கலை இரண்டுக்கும் பொதுவாய், யாதொரு ஐயத்துக்கும் இடமின்றி, செங்கதிர்ச் செல்வனாம் சூரியன் ஜகஜ்ஜோதியாய் உதித்தான்.

வீட்டில் அகத்திக்கீரை இல்லை.