உடம்புக்கு ஆகாதவன்

சுரங்கக் கேன்டீனில் செங்குட்டுவன் வடையைக் கடித்த நேரம், எதிரே உட்கார்ந்திருந்த ஃபோர்மேன் தனகோட்டியின் போனிலிருந்து செங்குட்டுவனின் மனைவி பொற்கொடி இங்கிலீஷ் பேசினாள்.

"மை ஹஸ்பண்ட் இஸ் பேட் ஃபார் மை ஹெல்த். ஹிஸ் ஆங்கர் கிவ்ஸ் மீ டென்ஷன். ஐ நீட் ரெஸ்ட் ஃப்ரம் ஹிம்."

வடை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"நம்ம பிளாக் குரூப்புல வந்துச்சுப்பா," என்றார் தனகோட்டி. தண்ணீர் எப்போது வரும், தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டுக்கொள்வதற்காகக் குவார்ட்டர்ஸ்காரர்கள் ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப் அது. பாதி ஷிப்டு அதில்தான் இருக்கிறது.

"என்னண்ணே சொல்லுது அது?" என்று பக்கத்து மேஜையிலிருந்து ஒரு குரல்.

"சில பேருக்குக் கத்தரிக்கா ஆகாதுல்ல? அந்த மாதிரி இவன் ஆகாதாம்."

கேன்டீன் முழுக்கச் சிரித்தது. செங்குட்டுவனும் சிரித்தான், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.

"அட, அது ஹோம்ஒர்க்குண்ணே! ஜானகியம்மா டீச்சர் போன்லயே லேடீஸுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றாங்கல்ல. தூக்கம், வாக்கிங், கோவத்த அடக்குறது, எல்லாம் ஹெல்த் பத்தின வார்த்தைங்க. வாக்கியம் அமைச்சுப் பேசி அனுப்பணும். கிளாஸ் குரூப்புல போடறதுக்குப் பதிலா மாத்தி இதுல போட்டுடுச்சு."

சொல்லி முடித்ததும் அவனுக்கே அது உண்மை என்று தோன்றிவிட்டது. பின்னே, வேறென்ன இருக்க முடியும்? பொற்கொடி வாய் திறந்து ஒரு குறை சொன்னவள் இல்லை.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. குரூப்பில் அவனே எழுதினான்: 'மேலே உள்ள வாய்ஸ் மெசேஜை யாரும் கேட்க வேண்டாம். அது வெறும் பாடம்.' அதுவரை தண்ணீர்ச் செய்தி என்று நினைத்துத் தள்ளிவிட்டவர்களெல்லாம் மேலே போய் அதைக் கேட்டார்கள். கேட்டவர்கள் அழுத முகம் போட்டார்கள், கும்பிடு போட்டார்கள். ஒருவர் கைதட்டியே விட்டார்.

பொற்கொடிக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. எதிர்வீட்டு சங்கீதாவுக்குப் போட்டான்.

"சங்கீதா, வூட்டுக்குப் போயி அந்த மெசேஜ அழிக்கச் சொல்லும்மா. சீக்கிரம்!"

"கத்தாதீங்கண்ணா. நான் பாத்துக்குறேன்," என்றாள் சங்கீதா, நோயாளியிடம் பேசுகிற குரலில். அவள் தனியாகப் போகவில்லை. துணைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். அதில் ஒருத்தி, நல்லதுக்குத்தான், கம்மாபுரத்திலிருக்கும் பொற்கொடியின் அண்ணன் ராயப்பனுக்குத் தகவல் சொல்லிவிட்டாள்.

செங்குட்டுவன் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலைக்கு நடந்தான். தனகோட்டி தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"மனசு சரியில்லாதவன் பெல்ட் பக்கம் போகக்கூடாது. சேஃப்டி."

"எனக்கு மனசு நல்லாதாண்ணே இருக்கு!"

"இப்பக்கூட கத்துற பாரு. வூட்டுக்குப் போ."

பைக்கை முறுக்கிக்கொண்டு வந்தான். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பெண்கள். ஒருத்தி வெண்பூசணிச் சாறு கொண்டுவந்திருந்தாள்.

"கோவத்துக்கு நல்லதுங்க. வெறும் வயித்துல குடிக்கணும்."

"எனக்கு ஏதுங்க கோவம்?" என்று குரலை உயர்த்தினான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே குரலைத் தாழ்த்தி, "எனக்குக் கோவமே வராதுங்க," என்று குழைந்தான்.

"பாவம், நடிக்கவும் தெரியல," என்றது ஒரு குரல்.

"நைட் ஷிப்ட் முடிஞ்சி இவரு படுத்தாருன்னா எங்க வூட்டு குக்கர்கூட விசில் அடிக்காதுங்க," என்றாள் சங்கீதா. "நாங்களே பயந்துகினு இருக்கோம். உள்ள இருக்கறவ கதி?"

செங்குட்டுவன் அடுப்படிக்கு ஓடினான். பொற்கொடி நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, அது ஜானகியம்மா கிளாஸுதான?"

"அங்க கத்துக்கிட்ட வார்த்தைங்கதான்."

"குரூப் மாறிப் போச்சு. அப்படித்தான?"

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கு."

"அத வெளிய வந்து ஒரு வார்த்த சொல்லேன்!"

"நீங்கதான் எல்லாருக்கும் சொல்லிட்டீங்களே," என்றாள் அவள். கீரையிலிருந்து நிமிரவில்லை.

அவனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அதையும் பறிக்க வாசலில் ஹாரன் சத்தம். ராயப்பன் வந்துவிட்டார். பைக்கில் வரவில்லை, லோடு ஆட்டோவில் வந்திருந்தார். கல்யாணத்துக்குச் சீராக வந்த பீரோவை ஏற்றிப்போகக் கயிறும் கொண்டுவந்திருந்தார்.

"பொற்கொடி! கெளம்பு வூட்டுக்கு!"

"மச்சான், உள்ள வாங்க, தண்ணி குடிங்க. இது ஹோம்ஒர்க்கு மச்சான்."

"எந்த வாத்தியாருப்பா புருஷனத் திட்டச் சொல்லி பாடம் நடத்துறாங்க? நான் என்ன ஏமாந்தவனா? வழியெல்லாம் அந்த வாய்ஸக் கேட்டுகினுதான் வர்றேன். இங்கிலீசு புரியலன்னாலும் என் தங்கச்சி குரலு எனக்குப் புரியாதா?"

செங்குட்டுவன் பொற்கொடியைப் பார்த்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். அண்ணனிடம் 'போ' என்றும் சொல்லவில்லை, 'வர்றேன்' என்றும் சொல்லவில்லை. அப்போதுதான் அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது. பீரோ போனால் போகட்டும். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஷிப்டு முடிந்து வந்து யார் முகத்தைப் பார்ப்பது?

"மச்சான், டீச்சரையே கூட்டியாறேன். அவங்க வாயாலயே கேளுங்க."

"கூட்டியா. அந்தம்மா ஆமான்னு சொன்னா வண்டியத் திருப்பிகினு போயிடறேன். இல்லன்னா பீரோவும் ஏறும், பொற்கொடியும் ஏறும்."

பைக் பறந்தது. மத்தியானத் தூக்கத்தில் இருந்த ஜானகியம்மாள் டீச்சரை எழுப்பி, விவரம்கூடச் சரியாகச் சொல்லாமல் பின்னால் ஏற்றிக்கொண்டான். "ஒரே ஒரு சந்தேகம் டீச்சர், பாடம் சம்பந்தமா!" என்றதை மட்டும் நாலு முறை சொன்னான். பாடத்தில் சந்தேகம் கேட்டு இத்தனை வேகமாக யாரும் தன்னை அழைத்துப் போனதில்லை என்று அந்த அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் நாற்காலி போட்டார்கள். யாரோ வெண்பூசணிச் சாற்றையே அவரிடம் கொடுத்தார்கள். சங்கீதா போனை நீட்டினாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது தடவையும் கேட்டார். முகம் மலர்ந்தது.

"நம்ம பொற்கொடியா! பிரமாதம்! ஒரு தப்பு இல்ல!"

செங்குட்டுவன் நெஞ்சை நிமிர்த்திக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். "இதெல்லாம் நீங்க கத்துக் குடுத்த வார்த்தைங்கதான டீச்சர்? எல்லாருக்கும் கேக்குறாப்ல சொல்லுங்க."

"ஆமா, நான் கத்துக் குடுத்ததேதான்."

ராயப்பன் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். சங்கீதாவின் முகம் தொங்கிவிட்டது. செங்குட்டுவன் ஒரு பெருமூச்சு விட்டான்; காலையில் கடித்த வடை அப்போதுதான் உள்ளே இறங்கியது போலிருந்தது. பொற்கொடி மட்டும் கதவோரம் அப்படியே நின்றாள்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா இந்த வாரம் நான் குடுத்த ஹோம்ஒர்க்கு பல்லு விளக்குறதப் பத்தியாச்சே, அத எப்ப அனுப்பப் போற?"