நீ ‘ஹோம்’ என்று குறித்து வைத்த இடம்

எலெக்ட்ரானிக் சிட்டி,
பெங்களூர்.
15-2-2009, ஞாயிறு (மணி பன்னிரண்டேகால், ஆகவே திங்கள் என்றும் சொல்லலாம்)

அன்புத் தம்பி பரத்துக்கு,

அக்கா வனஜா எழுதிக்கொள்வது. இப்படி அர்த்தராத்திரியில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. வைஷ்ணவி தூங்கினால்தான் என் கை எனக்குத் திரும்பக் கிடைக்கிறது. காலை ஐந்தரைக்கு உன் ஆபீஸ் சிநேகிதன் ஷ்ரேயாஸ் ஏர்போர்ட் போகிற வழியில் வந்து உனக்கான பருப்புப்பொடியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். அந்தப் பொட்டலத்துக்குள்தான் இந்தக் கடிதமும் வருகிறது. இங்கே நானும் உன் மாமாவும் குழந்தையும், ஆளுக்கொரு சளி தவிர, சுகம். மினியாபொலிஸ் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நடக்கிறாய், மூன்று வேளை சாப்பிடுகிறாய் என்று நானாகவே நம்பிக்கொண்டிருக்கிறேன்.

மெயில் அடித்தால் போதாதா என்பாய். நீ அதை ஆபீஸில் உட்கார்ந்து படிப்பாய், பக்கத்து சீட்டில் தமிழ் தெரிந்தவன் ஒருத்தன் இருப்பான். போனில் சொல்லலாம் என்றால், முதலில் அழுவேனா முதலில் கத்துவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் உன் மெஷினைப் பற்றி. போகும்போது பைக்கையும், அதன் ஹேண்டில்பாரில் சோப்பு டப்பாவுக்குள் வைத்து சைக்கிள் ட்யூபால் கட்டின ஜிபிஎஸ் மெஷினையும் மாமாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாயே, அது. நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள், உனக்குத் தெரியும். செயற்கைக்கோள் என்பது எனக்கு எட்டு மார்க் கேள்வி. படம் போட்டால் ஒன்பது. அந்த எட்டு மார்க், இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, நாலு பேராகச் சேர்ந்து, நம்ம அபார்ட்மெண்ட் கேட்டிலிருந்து முட்டைக்கடை எத்தனை மீட்டர் என்று என் உள்ளங்கையில் வந்து சொல்லும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் படித்திருப்பேன். மூன்று மாதமாக, மாமா ஆபீஸிலிருந்து வந்ததும் அந்தத் திரையை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தோசைக்கல்லைப் போடுகிறேன். மெஷினுக்குள்ளிருந்து வழி சொல்கிற அந்த அம்மாள் ‘அடுகோடி’யை ‘அடுகோ டீ’ என்று, யாருக்கோ டீ கொடுப்பதுபோலச் சொல்கிறாள் என்று மாமா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிடுகிறவளுக்கு உச்சரிப்பு கொஞ்சம் பிசகினால்தான் என்ன?

இன்று காலை பத்தரைக்கு அல்சூரில் ருக்மிணி அம்மாள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அவர்கள் பெண் ஸ்ரீவித்யாவுக்கும் உனக்கும் எட்டுப் பொருத்தம். மூன்று தடவை போனில் சொன்னேன். மூன்று தடவையும் ‘அப்புறம் பாக்கலாம்க்கா’ என்றாய். நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். நானும் மாமாவும் வீட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்றால், வருகிற வெள்ளிக்கிழமை அப்பா குடியாத்தத்திலிருந்து வந்து பேசி முடித்துவிடுவார். இதுதான் திட்டம். அல்சூர் முகவரியை மெஷினில் நானே என் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். வைஷ்ணவியை நடுவில் உட்கார வைத்து என் துப்பட்டாவால் மாமாவின் இடுப்போடு சேர்த்துக் கட்டி, மேலே ஒரு பெட்ஷீட்டும் சுற்றிக்கொண்டு (உன் மாமா, ‘குழந்தையை பார்சல் பண்ணிட்டே, அட்ரஸ் எழுதலையா?’ என்றார்) கிளம்பினோம்.

ஹோசூர் ரோட்டில் நடுவிலே மேம்பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீ போனபோது இருந்ததைவிட இப்போது இன்னும் மோசம். பொம்மனஹள்ளியில் ஒரு பள்ளம், பைக் உள்ளே போய் வெளியே வருவதற்குள் சோப்பு டப்பா ஒரு பக்கம், ட்யூப் ஒரு பக்கம், சார்ஜ் வயர் அறுந்து ஒரு பக்கம். மெஷினை மட்டும் மாமா கேட்ச் பிடித்துவிட்டார். அதை என் கையில் கொடுத்து, ‘வனஜா, அவ சொல்றதை நீ கேட்டு எனக்குச் சொல்லு’ என்றார். வெயிலில் திரையில் என் மூக்குதான் தெரிந்தது. காதில் வைத்துக்கொண்டேன். சில்க் போர்டு வந்தது. லாரி, பஸ், கம்பெனி கேப் எல்லாம் ஒன்றாக ஹார்ன் அடிக்கிற இடத்தில் மாமா திரும்பாமலே, ‘நேராத்தானே?’ என்று கத்தினார். அந்த அம்மாளும் நேராகத்தான் சொன்னாள். நான் என்ன செய்தேன், நம்ம ஊர் பஸ்ஸில் கண்டக்டர் சொல்கிற மாதிரி வாய் நிறைய, ‘ரைட்!’ என்றேன். மாமா ரைட்டில் திரும்பிவிட்டார்.

‘ஏங்க, எங்க போறீங்க?’

‘நீதானே ரைட்டுன்னே!’

‘ரைட்டுன்னா சரி, போங்கன்னு அர்த்தம்!’

‘அப்போ ரைட்டுன்னா என்ன சொல்லுவே?’

இதற்குப் பதில் யோசித்துக்கொண்டே அகரம் ஏரி வரைக்கும் போய்விட்டோம். அங்கே ஓர் ஆட்டோக்காரர் நின்றிருந்தார். ‘அல்சூரா? முழு உல்டா வந்திருக்கீங்க மேடம். கையில அது என்னது, ரேடியோவா?’ என்றார். மெஷினோ ஒரு கோபம் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை, ‘ரீகால்குலேட்டிங்’ என்று சொல்லிவிட்டு வேறு வழி தேட ஆரம்பித்தது. தப்பு செய்தவளை ஒரு வார்த்தை திட்டாமல், அவள் நிற்கிற இடத்திலிருந்தே வழி சொல்கிறது பார், அதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம குடும்பத்தில் அந்த வழக்கமே கிடையாதே!

உன் மாமா ஓரமாக நிறுத்தினார். மெஷினை வாங்கி உற்றுப் பார்த்தார். இரண்டு தட்டு தட்டினார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டு, இயர்போன் வயரை ஹெல்மெட்டுக்குள் விட்டுக்கொண்டார். ‘இனிமே நீ நடுவுல வேணாம். அவ நேரா என்கிட்டயே பேசட்டும்’ என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். மாமாவுக்கு வழி எப்படி என்று உனக்கே தெரியும், கல்யாணமான புதிதில் காய்கறி வாங்கப் போய் அத்திப்பள்ளியிலிருந்து போன் பண்ணினவர். அந்த மனுஷன் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. ‘மடிவாளா நேரா போகச் சொல்றா’ என்றார், போனார். ‘அடுகோடி சிக்னல் தாண்டி உள்ளே வெட்டணுமாம்’ என்றார், வெட்டினார். ‘இது ஒன்வேயாம், பக்கத்துச் சந்துல போகணுமாம்.’ ‘ஸ்பீட் பிரேக்கர் வருதாம், குழந்தையைப் புடிச்சுக்கோ.’ வந்தது! ‘இந்த வீட்டு நாய் துரத்துமாம், காலைத் தூக்கிக்கோ.’ துரத்தியது! பரத், செயற்கைக்கோளுக்கு நாய் தெரிகிறது. எந்த வீட்டு நாய் என்றுகூடத் தெரிகிறது. ஒரு பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தி, ‘இங்க பிளம் கேக் நல்லாருக்குமாம்’ என்று அரைக் கிலோ வாங்கினார். ருக்மிணி அம்மாள் வீட்டுக்கு ஏற்கெனவே பழம் வைத்திருக்கிறோமே என்று நான் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்?

ஒரு பச்சை கேட் முன்னால் வண்டி நின்றது. ‘வந்தாச்சுங்கறா’ என்றார்.

அது அல்சூர் இல்லை, ஆஸ்டின் டவுன். கடைப் பலகையிலேயே எழுதியிருந்தது. நான் சொன்னதும் மாமா மெஷினை எடுத்து, வெயிலுக்குக் கையால் மறைத்துப் பார்த்து, ‘ஐயையோ வனஜா, கையில வச்சிருந்தப்போ நீ ஹோம் பட்டனை அமுக்கிட்டே போலிருக்கு. பரத் தன்னோட வீடுன்னு குறிச்சு வச்ச இடத்துக்கு வந்துட்டோம்’ என்றார். உன் வீடா? எலெக்ட்ரானிக் சிட்டியில் நாலு பேரோடு பி.ஜி.யில் இருந்த பையனுக்கு ஆஸ்டின் டவுனில் ஏது வீடு என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. ஒரு பெண், முழங்கை வரை மாவோடு வந்து நின்றாள். பெட்ஷீட் பார்சலுக்குள்ளிருந்து வைஷ்ணவி, ‘பிஜ்ஜீ!’ என்று ஒரு கத்து கத்தினாள் பார், தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பரத், கையில் இருக்கிறதைக் கீழே வைத்துவிட்டு இதைப் படி. நீ ஊருக்குப் போகிறவரை ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வைஷ்ணவியைப் பார்க்குக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லித் தூக்கிக்கொண்டு போவாய். திரும்பி வந்ததும் அவள் ‘பிஜ்ஜி வேணும், பிஜ்ஜி வேணும்’ என்று அழுவாள். தெருவில் கண்ட எண்ணெயில் பொரித்ததை வாங்கிக் கொடுத்துக் குழந்தையைக் கெடுக்கிறாய் என்று உன்னைத் திட்டிவிட்டு, நான் போய் வாழைக்காய் சீவுவேன். ஐம்பது ஞாயிறு பஜ்ஜி சுட்டிருக்கிறேன்டா! நீயும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து சட்னி தொட்டுச் சாப்பிட்டாய். அவள் கேட்டது பஜ்ஜி இல்லை, பிரிஜெட். மாவுக் கையோடு நின்ற அந்தப் பெண்ணின் பெயர்.

அவள் அப்பா ஹெர்பர்ட் வெளியே வந்தார். ‘வாம்மா, உள்ள வா, சும்னே வெயில்ல நிக்காதே. பிரியாணி ஆறிட்டே இருக்குது!’ என்றார். மேஜையில் ஐந்து தட்டு. அவர்கள் இரண்டு பேர், நாங்கள் மூன்று பேர். தற்செயலாக வழி தப்பி வந்தவர்களுக்கு ஐந்து தட்டு எப்படி என்று நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த மெஷின் அவர்களுக்கும் முன்கூட்டியே ஏதாவது சேதி அனுப்புமா? அந்த எட்டு மார்க் கேள்வியில் இதெல்லாம் வரவே இல்லை.

ஃப்ரிட்ஜ் கதவில், தொலைந்துபோனது என்று நீ சொன்ன வைஷ்ணவியின் யானைப் படம் ஒட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவதற்கு வாய் திறந்தேன் என்றே வைத்துக்கொள். அப்போது அந்தப் பெண் குழந்தைக்குத் தட்டு வைத்துவிட்டு, என்னைப் பார்த்து மெதுவாக, ‘அக்கா, பாப்பாவுக்குத் தனியா செஞ்சேன். கடலை எண்ணெய் சேர்க்கலை, அவளுக்குத் தடிச்சுக்கும் இல்ல?’ என்றாள். என் மாமியாரிடம் நான் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அவருக்கு இன்றைக்கும் நினைவில்லை. திறந்த வாயில் ஒரு கவளம் பிரியாணியை வைத்துக்கொண்டேன். நன்றாக இருந்தது. அதுவும் கோபம்.

நடுவில் ருக்மிணி அம்மாள் போன் பண்ணினார். மாமா வாங்கி, ‘சிக்னல் பிரச்சினைங்க’ என்று சொல்லி வைத்துவிட்டார். ரோடு சிக்னலா, வான சிக்னலா என்று அவரும் கேட்கவில்லை.

கோபம் எனக்கு அவள்மீது இல்லை. அவள் எந்தக் கோயிலுக்குப் போகிறாள் என்பதும் இல்லை, அதை அப்பா பார்த்துக்கொள்வார். தூக்கி வளர்த்த அக்கா வீடு இருக்கும்போது, நீ ‘ஹோம்’ என்று குறித்தது வேறு ஒரு வாசலை. இந்த வருத்தம் எனக்குப் போகாது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வானத்துக்குச் சொன்னாய். அதுவும் நல்லதுதான் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். மறைத்த உண்மையை, என் கையிலேயே உட்கார்ந்து என்னையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய அந்த மெஷினை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் இந்த விஷயத்தில் நான் தலையிட மாட்டேன். நீயாயிற்று, அப்பாவாயிற்று. வெள்ளிக்கிழமை அவர் வருகிறார்.

வைஷ்ணவி உனக்கு ஒரு முத்தம் தரச் சொன்னாள், பிஜ்ஜிக்கு இரண்டு. மாமா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். நீ எங்கிருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும் என்று இந்தக் கோபத்தோடேயே வேண்டிக்கொள்கிற,

உன் அக்கா,
வனஜா

பி.கு.: மணி ஒன்றே முக்கால். கவரை ஒட்டுவதற்கு முன், அந்த மெஷினுக்கு ஒரு நன்றி மாதிரி இருக்கட்டும் என்று பால்கனியில் வாஷிங் மெஷின் பிளக்கில் வேறு சார்ஜரைச் செருகி சார்ஜ் போட்டேன். உயிர் வந்ததும் இன்று போன வழியை ஒரு பச்சைக் கோடாகக் காட்டியது. கோடு அகரம் ஏரிக்கரையோடு நிற்கிறது. போகவேண்டிய இடம், இன்னும் அல்சூர்.

மாமாவை எழுப்பினேன். போர்வைக்குள்ளிருந்தே பதில் வந்தது.

‘அகரத்துலயே பேட்டரி செத்துப்போச்சு வனஜா.’

‘அப்போ ஒன்வேன்னு சொன்னது?’

‘நான்தான்.’

‘நாய்?’

‘அதுவும் நான்தான். அது பேரு டைகர்.’

‘கேக்கு?’

‘பிரிஜெட் அப்பாவுக்குப் புடிக்கும். மச்சான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டான். நாலஞ்சு தடவை போயிருக்கேன். உன்னை என்னிக்காவது கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருந்தேன், வழி தெரியலை. நான் சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பே. மெஷின் சொன்னா ஒண்ணுகூட கேக்க மாட்டே. பேக்கரியில நிறுத்தினப்போதான் அவங்களுக்கு போன் பண்ணேன், ஞாயித்துக்கிழமைன்னா அங்க எப்பவும் பிரியாணிதான். லைட்டை அணைச்சிட்டுப் படு.’

ஆக, இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு முழ தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவருக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது. அத்திப்பள்ளிக்குப் போய்க் காய்கறி வாங்கினவர்! எனக்கு இன்னும் பிரமிப்பு தீரவில்லை.

பிறகு மறுபடியும் பால்கனிக்குப் போய், இந்தத் தடவை நிஜமாகவே அந்த ‘ஹோம்’ பட்டனை அமுக்கினேன். மெஷின் கொஞ்ச நேரம் வானத்தைத் தேடியது. பிறகு, ‘யூ ஹேவ் அரைவ்ட்’ என்றது. நான் நம்ம வீட்டுப் பால்கனியில், துவைத்த துணிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

தலையிட மாட்டேன் என்று மேலே எழுதின வரியை அடித்துவிடு. ருக்மிணி அம்மாளிடம் நாளைக்கே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை அப்பாவிடம் நானே பேசுகிறேன். அதற்கு முன் உன் வாயால் ஒரு ‘ஆமாம்க்கா’ எனக்கு வேண்டும். போனோ மெயிலோ, சீக்கிரம் பதில் போடு.