உள்ளே ஒரு சைரன்

"எந்த மாடிங்க?"

லிஃப்டில் நின்ற வேறொரு மாடிக்காரர் கேட்டார். கமா அக்கா வாயைத் திறந்தாள். காற்று வந்தது, சொல் வரவில்லை. மறுபடி முயன்றபோது துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் மிரண்டுபோய் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திவிட்டார்.

ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து மூடியது. கடைசியாக எப்போது பேசினோம் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை, தவறான எண்ணில் கூப்பிட்ட ஒருவரிடம். அதையும் இவள்தான் கொஞ்சம் நீட்டினாள். இன்று செவ்வாய்.

பதினோரு மணிக்கு இன்டர்வியூ. அதற்குக் குரல் வேண்டும்.

திரும்ப வீட்டுக்கு ஓடினாள். வெந்நீரில் வாய் கொப்பளித்தால் தொண்டை திறக்கும். அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டாள். தொண்டை திறந்தது. நாக்கு வெந்துவிட்டது.

"வழக்கமான வேலை நாள், வாழைப்பழம்" என்று சொல்லிப் பார்த்தாள். ல, ள, ழ மூன்றும் ஒரே எழுத்தாகிவிட்டிருந்தன. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பதிப்பகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுதிய ல, ள, ழ-வையெல்லாம் திருத்தியவள் அவள். கமா அக்கா என்ற பெயரும் அங்கே வைத்ததுதான். பதிப்பகத்தை மூடி எட்டு மாதம் ஆகிறது. பெயர் வைத்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கூப்பிட ஆளில்லாத பெயரை அவள் மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வியர்த்தது. நெஞ்சு திடும் திடும் என்றது. உள்ளங்கை ஜில்லிட்டது. ஏன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். உடலியல் பாடப்புத்தகம் ஒன்றை மூன்று பதிப்புக்குத் திருத்தியிருக்கிறாள். தெரிந்து என்ன செய்ய? பதற்றத்தில் சுரக்கும் கார்டிசால் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் சுரந்துகொண்டிருந்தது.

வியர்வைக்குப் பவுடர் போட்டாள். கறுப்பு ரவிக்கையில் வெள்ளைத் திட்டு விழுந்தது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட கம்பெனியின் கழிவறையில் தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். திட்டு, குளமாகியது. கை உலர்த்தும் மெஷினுக்குக் கீழே ஒரு கையைத் தூக்கி, இடுப்பை வளைத்து, கழுத்தைத் திருப்பி நின்றாள்.

கதவைத் திறந்த ஒரு பெண், "சாரி மேடம், யோகா முடிச்சிட்டு வாங்க, நான் வெயிட் பண்றேன்" என்று பின்வாங்கினாள்.

காத்திருக்கும் அறையில் டை கட்டிய ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மடியில் ஒரு தாள். அது அவர் கையோடு சேர்ந்து நடுங்கியது. தண்ணீர் குடிக்கப் போய்ப் பாதியை டைக்குக் கொடுத்தார்.

'அப்பாடா, நம்மைவிட மோசம்' என்று கமா அக்காவுக்கு ஓர் அற்ப சந்தோஷம். அடுத்த நிமிஷம் பாவமாகிவிட்டது. கைக்குட்டையை நீட்டினாள்.

"இன்டர்வியூவா சார்?"

அவர் பேச முடியாமல் தலையாட்டினார்.

"எனக்கும்தான். வயித்தைப் பிசையுதா?"

"ரெண்டு தடவை லிஃப்ட் வரைக்கும் ஓடிட்டுத் திரும்பி வந்தேன் மேடம்."

"அது நீங்க ஓடல. கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கு, அது ஓட வைக்குது. அதுக்குக் கண்ணு கிடையாது. வீடு பத்திக்கிட்டாலும் சரி, நாலு பேர் நம்மைப் பார்த்தாலும் சரி, ஒரே சைரன்தான். வயித்துக்குப் போற ரத்தத்தையெல்லாம் காலுக்கு அனுப்பிடும்."

"நம்ம மேல நமக்கே நம்பிக்கை போயிடுதே மேடம்?"

"எங்கேயும் போகாது. அந்தச் சைரன் சத்தத்துல அது பேசுறது நம்ம காதுல விழாது, அவ்வளவுதான். மூச்சை மெதுவா விடுங்க... இழுக்கறதைவிட விடறதுக்கு நேரம் எடுத்துக்குங்க."

இருவரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள். ஒருவரோடு சேர்ந்து எதையாவது செய்து எத்தனை மாதமாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

"என்ன கேப்பாங்கன்னு எழுதி வச்சிருக்கேன். வாசிச்சுப் பார்த்துக்கட்டுமா?" என்றார் அவர்.

"தாராளமா. என்னையே கேளுங்க. எனக்கும் பழக்கமாகும்."

தாளைப் பார்த்து அவர் திக்கித் திக்கிக் கேட்டார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளைத் திருத்தும் வேலை அது. யாருமே படிக்காத அந்தத் தாளில் அப்படி என்ன இருக்கிறது என்றார்.

"யாரோ ஒருத்தர் படிப்பாங்க சார். வீட்டுல கேக்க ஆளில்லாதவங்க. நான் படிப்பேன். போன மாசம் காய்ச்சல் வந்தப்ப அந்தத் தாள்தான் எனக்குத் துணை. அதுல ஒரு புள்ளி தப்பாப் போட்டா, அரை மாத்திரை அஞ்சு மாத்திரை ஆயிடும்."

நாக்கு வெந்ததை அவள் மறந்தே போனாள்.

"இந்த வேலைக்கு ஏன் வரணும்னு நினைக்கறீங்க?"

"உள்ளே கேட்டா, அனுபவம், ஆர்வம்னு ஏதாவது அளந்து விடுவேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன... காலையில யாராவது 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்கணும். அதுக்குத்தான்."

அவர் தாளை மடித்து வைத்தார். கை நடுங்கவில்லை. டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமலே அறைக்கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

கமா அக்காவுக்குப் பகீரென்றது. தைரியம் சொல்லித் தந்து, தன் வேலையையும் தூக்கிக் கொடுத்துவிட்டோமே! வரவேற்பு மேஜைக்கு விரைந்தாள்.

"ஏம்மா, பதினோரு மணி என்னோடதுதானே? அவர் பாட்டுக்கு முந்திக்கிட்டு உள்ளே போயிட்டாரே, நீங்க கேக்க மாட்டீங்களா?"

மேஜையில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "உங்களை இன்டர்வியூ பண்ண வேண்டியவரே அவர்தான் மேடம். முதல் தடவையாம், 'உள்ளே போய் உக்காருங்க சார்'னு ஒன்பது மணியிலிருந்து நானும் கெஞ்சிக்கிட்டே இருக்கேன்."