ஏலத்தில் கையை இறக்கியவர்கள்

அன்புள்ள வெஸ்ஸல் மாமாவுக்கு,

ஃபென்னா எழுதுவது. நீங்களும் அத்தையும் ஹேக் நகரத்துக் காற்றிலும் மழையிலும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முழங்கால் தேவலை. அலைவரிசை ஒதுக்கும் துறையில் நீங்கள் இருபது வருஷமாக இருக்கிறீர்கள். ஒருநாளும் உங்களிடம் சிபாரிசு கேட்டதில்லை. இதுவும் சிபாரிசு இல்லை, ஒரு யோசனை.

எங்கள் ஊர் அலைவரிசை போய்விட்டது. நாங்கள் ஏழெட்டுப் பேர் சம்பளமில்லாமல் நடத்திவந்த வானொலியின் உரிமம் முடிந்ததும், இந்த முறை ஏலம் என்று உங்கள் துறை அறிவித்தது அல்லவா? மூன்று பேர் விண்ணப்பித்தோம்: எங்கள் சங்கம், நகரத்து நிறுவனம் ஒன்று, அப்புறம் டினாண்ட். மாட்டுக் கொட்டகையிலிருந்து முப்பது வருஷமாக உரிமமே இல்லாமல் பாட்டுப் போட்டு, இரண்டு தடவை அபராதம் கட்டியவர். அறுபது வயதில் சட்டப்படி நடக்க ஆசைப்பட்டார். இங்கே பண்ணைச் சாமான் ஏலத்தில் அக்கம்பக்கத்தார் ஒருவர் தேவைக்காகக் கை தூக்கினால் மற்றவர்கள் கையை இறக்கிவிடுவார்கள். உங்கள் கல்யாண அலமாரியே அப்படி வந்ததுதான். டினாண்டும் கேட்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. விடியற்காலையில் பால் கறக்கிறவர்களோடு பேச அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? சங்கத்தாரிடம் சொன்னேன், அவர்களும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். கடைசி நாளில் விலகல் கடிதம் அனுப்பிவிட்டோம்.

முடிவு வரவேண்டிய அன்று, அவருக்குத்தான் கிடைத்திருக்கும் என்று நம்பி, வாழ்த்துச் சொல்ல உலர்திராட்சை ரொட்டியோடு டினாண்ட் வீட்டுக்குப் போனால், அவர் எங்கள் வீட்டுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிறார், கையில் அதே ரொட்டி.

"நீங்க விலகிட்டீங்களா?" என்றேன்.

"முதியோர் இல்லத்துக்கு ஞாயித்துக்கிழமை வழிபாட்டை நீங்கதானே போடறீங்க. அதுல நான் போட்டி போடறதா? நீ எதுக்கு விலகினே, பைத்தியக்காரி?"

நிறுவனத்துக்கு அடிமட்ட விலைக்கே கிடைத்துவிட்டது. இப்போது நாள் முழுக்க யந்திரம் போடும் பதினைந்து பாட்டுகள். போன வாரம் ஆற்றில் வெள்ளம் ஏறியபோதுகூட அதே பதினைந்து.

மாமா, அதிக விலை கொடுப்பவருக்குத்தான் அதிகத் தேவை என்று உங்கள் துறை நினைக்கிறது. பணம் இருப்பதும் தேவை இருப்பதும் ஒன்றா? காற்று எல்லாருக்கும் பொது என்றால், அதில் யார் என்ன பேசப்போகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தானே கொடுக்க வேண்டும்? லாபம் பார்ப்பவரிடம் லாபத்தில் பங்கு வாங்குங்கள். வெள்ளச் செய்தி சொல்கிறவரிடம் அந்தச் செய்தியையே கட்டணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஒரு அலைவரிசையை ஏலத்திலிருந்து எடுத்து வைத்துவிட்டு, என்ன ஒலிபரப்பப் போகிறோம் என்று திட்டம் எழுதித் தரச் சொல்லி, நன்றாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். விலையைக் கேட்டதால்தான் நாங்கள் கூச்சப்பட்டோம். வேலையைக் கேட்டிருந்தால் கூச்சப்பட என்ன இருக்கிறது? மேலிடத்தில் இதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்வீர்கள் என்று நினைத்துக்கொண்டே படுக்கப்போகிறேன்.

அத்தைக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும். உங்கள் முதுகுவலி இந்தக் குளிர்காலத்தோடு போகட்டும்.

இப்படிக்கு,
ஃபென்னா

பி.கு.: தபாலில் போடுவதற்கு முன் இதை டினாண்டிடம் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். திட்டம் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று கேட்டேன். "செய்தி வாசிக்கறதுல ஃபென்னாவை அடிச்சுக்க ஆளில்லைன்னு எழுதியிருப்பேன்" என்றார். வீட்டுக்கு வந்து, போன வருஷம் சங்கத்துக்காக நான் எழுதி வைத்திருந்த நிகழ்ச்சித் திட்டத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில், விவசாயிகளைப் பொறுத்தவரை எங்களைவிட டினாண்டுக்குத்தான் அனுபவம் என்று நானே எழுதியிருக்கிறேன். ஆகவே மேலே சொன்ன எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். மறுபடி அவரிடம் போய், பேசாமல் சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லட்டுமா என்றேன். "நம்ம பேருக்கு விழுந்த சீட்டைப் பக்கத்து வீட்டுக்குக் குடுக்கலாமான்னு முதல்ல உங்க மாமாகிட்ட கேட்டு எழுது" என்றார்.